த்தூ அண்ணன் கட்டிய நாலாவது அறை

வாயைத் திறந்தால் முதலில் "த்தூ" என்றுதான் வரும் என்பதால் சோடாக் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் த்தூ அண்ணன். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பார்க்கிற வேலை அப்படி. கடைகளிலிருந்து திரும்பி வரும் காலிக் கண்ணாடிப் பாட்டில்கள் கழுவும் இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்ததும், வெள்ளையாக எரியும் ஒரு வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக நகரும். எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அழுக்குப் போகாத பாட்டில்களை அவர் பொறுக்கி எடுக்க வேண்டும். சோடா குடித்து முடித்த மனிதன் காலிப் பாட்டிலுக்குள் என்னவெல்லாம் போடுவான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். சிகரெட் துண்டு, மென்ற சூயிங்கம், வெட்டின நகம், காதுக்குள் விட்டு எடுத்த பஞ்சு. ஒருமுறை ஒரு பொய்ப்பல் வந்தது. அதைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் பெரிய அருவருப்பு.

இப்படி வருஷக்கணக்காக உட்கார்ந்தால் யாருக்கும் உலகத்தின்மேல் மரியாதை குறையத்தான் செய்யும். வெளியே எங்கேயும் தண்ணீர் குடிக்க மாட்டார். பேருந்தில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். அவர் மனைவிக்குச் செருப்புக் கடையில் வேலை. குனிந்து உட்கார்ந்து ஊரார் காலுக்கெல்லாம் அளவு பார்த்து மாட்டிவிடுகிறவள். சாயங்காலம் அவள் வந்ததும் "கையைக் கழுவு" என்பார். "நாள் பூரா ஊரான் காலைப் பிடிச்சுத்தான் இந்த வீட்டுக்கு வாடகை குடுக்கிறோம். கழுவறேன், கழுவறேன், கத்தாதீங்க" என்பாள் அவள். இருவருக்கும் இருந்தது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு ஜன்னல் கம்பி. குழந்தை இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி இருந்தது என்று யாராவது சொன்னால் இருவருமே சண்டைக்கு வருவார்கள். ஆகையால் நான் சொல்லவில்லை.

கைப்பேசியில் இருந்தது ஓர் எறும்பு விளையாட்டு. மேலிருந்து பார்த்த மாதிரி ஓர் அறை. அதில் ஓர் எறும்பு, சில பெட்டிகள், தரையில் சில பொத்தான்கள். எறும்பு பெட்டியைத் தள்ளும். இழுக்கத் தெரியாது. பொத்தான் எல்லாவற்றின்மேலும் பெட்டி ஏறினால் கதவு திறக்கும், அடுத்த அறைக்குப் போகலாம். இப்படிச் சில அறைகளைத் தாண்டிக் கடைசி வாசலுக்கு வந்தால் ஒரு லெவல் முடிந்தது. கேட்க லேசாக இருக்கும். ஒரு பெட்டியை அவசரப்பட்டு மூலையில் தள்ளிவிட்டால் தொலைந்தது. பின்னால் போய் நின்று தள்ள இடமிருக்காது, எறும்பு சும்மா சுற்றிச் சுற்றி வரும். விளையாட்டைச் செய்த கம்பெனி கொஞ்சம் லெவல்களை மட்டும் போட்டுவிட்டு, மீதியை விளையாடுகிறவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்று கருவிகளைத் திறந்துவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கட்டினார்கள். கை இருக்கிறவர்கள் எல்லோரும் கட்டினார்கள். எறும்பு அசையாமல் நின்றாலே தானாக ஜெயிக்கும் லெவல். பெட்டிகளை அடுக்கிப் பிறந்தநாள் வாழ்த்து எழுதின லெவல். அடுத்தவன் கட்டியதை அப்படியே நகலெடுத்து, ஓரத்தில் ஒரு பூச்செடி வைத்து, தன் பெயரைப் போட்டுக்கொண்ட லெவல். கீழே வெட்கமே இல்லாமல் "லைக் போட்டா லைக் போடுவேன்" என்று ஒரு வரி. இதில் பெரிய புள்ளி ஒருவன், மிட்டாய் என்ற பெயரில் இருந்தவன். நாளுக்கு ஒன்று போடுவான். காசு மழை பொழியும், இசை அலறும், மூளைக்கு மட்டும் வேலை இருக்காது. அவனுக்கு ஆயிரக்கணக்கில் இதயம் விழும். த்தூ அண்ணன் ஒவ்வொன்றையும் முழுசாக விளையாடிப் பார்த்து, என்ன குறை என்று விளக்கி எழுதி, கடைசியில் "த்தூ" என்று கையெழுத்துப் போடுவார். பிடிக்காததை ஏன் விளையாடுகிறீர்கள் என்று கேட்டாள் மனைவி. "குப்பையைப் பார்க்கறவன் ஒருத்தன் வேணும்ல?" என்றார்.

குப்பையைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொந்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. லெவல் கட்டியவர், தானே அதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை விளையாடி முடித்தால்தான் அது வெளியே போகும். முடியாத லெவலை யாரும் போட்டுவிடக் கூடாதே, அதற்காக. சிலர் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். முதல் அறையிலேயே, பார்த்தால் சுவர் மாதிரியும் தொட்டால் காற்று மாதிரியும் இருக்கும் ஒரு கட்டத்தை வைத்துவிடுவார்கள். அதற்குள் புகுந்தால் நேரே வாசல். கட்டியவர் அந்த வழியாக நழுவி "முடித்துவிட்டேன்" என்று போட்டுவிடுவார். பாவப்பட்ட ஜனங்கள் நடு அறைகளில் முட்டி மோதிக்கொண்டு கிடப்பார்கள். இதற்குத்தான் பொந்து என்று பெயர். த்தூ அண்ணன் ஒரு சுவர் விடாமல் எறும்பை உரசிக்கொண்டே போய்ப் பொந்துகளைக் கண்டுபிடிப்பார். படம் எடுத்து, எந்த அறை, எந்தச் சுவர், எத்தனையாவது கட்டம் என்று, விளையாடுகிறவர்கள் கூடிப் பேச விளையாட்டுக்குள்ளேயே இருந்த குழுவில் போடுவார். பொந்து வைத்த லெவல் அடியோடு நீக்கப்படும், அதை முடித்தவர்களின் பெயரும் சேர்ந்து போகும் என்று குழுவில் விதி கொண்டுவந்ததும் அவர்தான். "முடிச்சவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று சிலர் கேட்டார்கள். "அழுக்குத் தொட்டது எதுவும் மிஞ்சக் கூடாது" என்று பதில் எழுதினார்.

அந்தக் குழுவில் அவர் மதித்த ஒரே ஆள் நர்ஸ் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் வார்டில் வேலை பார்த்தவர். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகுத்தண்டு கெட்டு, கடைசியில் தானே ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தார். முகத்துக்கு மேலே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எறும்பைத் தள்ளுவது மட்டும்தான் அவரால் முடிந்தது. எழுத மாட்டார், பேசித்தான் அனுப்புவார். "த்தூ தம்பி, இன்னைக்கு நீங்க துப்பினது ரொம்பக் கம்மி. உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். சிரித்தால் முதுகு வலிக்கும், உடனே "அய்யோ அம்மா" என்பார். குறுக்குவழி கிடைத்தால்கூட அதில் போகாமல், கட்டியவர் நினைத்த வழி எது என்று தேடிப் பிடித்து முடிக்கிறவர். த்தூ அண்ணனுக்கு அவர்மேல் இருந்தது பக்தி என்றே சொல்லலாம்.

மிட்டாய்தான் அவரைச் சீண்டினான். அவன் லெவல் ஒன்றில் பொந்து இருப்பதை அவர் போட்டு உடைத்த அன்று, "குறை சொல்ற சாருக்கு ஒரு லெவலாவது கட்டத் தெரியுமா? காட்டச் சொல்லுங்க, பார்ப்போம்" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதிவிட்டான். கீழே ஏகப்பட்ட சிரிப்பு முகங்கள். த்தூ அண்ணனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்று போடுகிறேன், பல் இருக்கிறவன் கடித்துப் பார்க்கட்டும் என்று பதில் எழுதினார். கெடு வைத்தது அவரேதான். யாரும் கேட்கவில்லை.

நாலு அறை கட்டினார். தெரிந்தவர்கள் பின்னாலிருந்துதான் கட்டுவார்கள். பெட்டிகளை முதலில் பொத்தான்மேல் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், தொடக்கம் எப்படி இருந்தாலும் முடிவுக்கு ஒரு வழி நிச்சயம் இருக்கும். அவரும் அப்படித்தான் கட்டினார். மூன்று அறைகள் கச்சிதம். நாலாவது முடிந்த பிறகு சோதித்துப் பார்த்தால், சிரமமே இல்லாத ஒரு குறுக்குவழி இளித்துக்கொண்டு நின்றது. மிட்டாய் அதைப் பார்த்துவிட்டால் மானம் போய்விடும். அதை மறிக்க நடுவில் ஒரு பெட்டியைக் கூடுதலாக வைத்தார். பொத்தான் நாலு, பெட்டி ஐந்து. குறுக்குவழி அடைபட்டது. கூடவே அவருடைய சொந்த வழியும் அடைபட்டது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் தள்ளிப் பார்த்தார். நடுப்பெட்டியை எடுத்தால் அறை விளையாட்டுச் சாமானாகிவிடும். வைத்தால் கதவு திறக்கவில்லை. ஆனாலும் அறை பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கண்டிப்பாக ஒரு வழி இருக்கும், இவ்வளவு அழகான அறையில் இல்லாமல் போகுமா என்று அவர் மனசு அடித்துச் சொன்னது. ஞாயிறு சாயங்காலம் குழுவில் மிட்டாய் "சார் தூங்கிட்டாரா?" என்று கேட்டான்.

த்தூ அண்ணன் முதல் அறைக்குப் போனார். இடப்பக்கச் சுவரில் ஒரு கட்டத்தைக் காற்றாக மாற்றினார். எறும்பு உள்ளே புகுந்து வாசலுக்கு வந்தது. லெவல் வெளியே போயிற்று. லெவலை முடித்தவர்களின் பெயர்ப்பலகையில் முதல் பெயராக அவர் பெயர் தானாக விழுந்தது. எழுந்து போய் முகம் கழுவினார், வாய் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார். அப்புறம் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாம் எல்லோரும் சொல்லிக்கொள்வதுதான்.

ஆகா ஓகோ என்றார்கள். முதல் மூன்று அறைகளே பலரைக் கவிழ்த்துவிட்டன. மூன்றைத் தாண்டினவர்கள் நாலாவதில் சரணடைந்து, "தலைவா" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். மிட்டாய்கூட வாயை மூடிக்கொண்டான். ஓர் ஆள், ஒரே ஓர் ஆள்கூட, சுவர்களை உரசிப் பார்க்கவில்லை. புதிதாக வந்த ஒருவன் "இதுல பொந்து இருக்குமோ?" என்று கேட்டதற்கு, பத்துப் பேர் பாய்ந்து அவனை மென்று துப்பினார்கள். யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய், இது த்தூ அண்ணன் கட்டியது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, குழாய்த் தண்ணீரில் முடி மிதப்பதைப் பாதி குடித்தபின் பார்த்தவன் மாதிரி எழுந்து போய் மறுபடி வாய் கொப்பளித்தார். தேடிப் பார்க்காதவர்கள்மேலும் அருவருப்பு வந்தது. என்ன ஜனங்கள் இது, ஒருத்தன் சொன்னால் நம்பிவிடுவதா!

நர்ஸ் அக்கா மட்டும் நாலாவது அறையை விடவில்லை. ஒரு நாள் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது அவர் குரல் வந்தது. "தம்பி, மூணு அறையும் பிரமாதம். நாலாவது என்னைக் கொல்லுது. நடக்கப் பழக்கறதுக்கு வர்ற பொண்ணைக்கூட ரெண்டு வாரமா நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அனுப்பிட்டிருக்கேன். எம் மக திட்டறா, இப்படியே படுத்துக் கெடந்தா அப்புறம் காலே மறந்துடும்னு. இதை முடிக்காம எந்திரிக்கிறதில்லன்னு ஒரு வெறி. வழி சொல்ல வேணாம் தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முடியும்தானே?"

டீ ஆறிப்போனது. எதிரே சூப்பர்வைசர் உட்கார்ந்து காதைக் குடைந்து, எடுத்ததை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் த்தூ அண்ணன் எழுந்து போயிருப்பார். இன்றைக்கு அவரைவிடத் தான் ஒன்றும் சுத்தமில்லை என்று தோன்றியது. "முடியும் அக்கா" என்று எழுதி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அக்காவிடமிருந்து இன்னொரு பேச்சு வந்தது. "நீங்க முடியும்னு சொன்னது போதும் தம்பி, இனி விடமாட்டேன்." அது சத்தமாக ஒலித்தபோது மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, இதை நீங்க எப்ப முடிச்சீங்க?"

"ஏன்?"

"சாதாரண லெவல் முடிச்சாலே வீடு அதிரக் கத்துவீங்க. கீழ் வீட்டுக்காரர் வந்து என்னாச்சுன்னு கேப்பாரு. இதுக்குச் சத்தத்தையே காணோமே."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"எத்தனை பேரோட கால் நாத்தமோ எனக்குப் பழகிப்போச்சு. இது நாறுதுங்க" என்றாள். "அந்தம்மா எந்திரிச்சு நடக்க வேண்டியவங்க. போன் பண்ணிச் சொல்லுங்க."

"வழியைக் கண்டுபிடிச்சுட்டுச் சொல்றேன்."

"வழி இல்லன்னா?"

அவர் கைப்பேசியை எடுத்து மறுபடி நாலாவது அறையைத் திறந்தார். அதற்கப்புறம் வேலை முடிந்து வந்தால் சாப்பாடுகூட இல்லாமல் நாலாவது அறையிலேயே கிடந்தார். நடுப்பெட்டியை அந்தப் பக்கம் ஒதுக்கினார், இந்தப் பக்கம் ஒதுக்கினார். மறுபடி எடுக்க வசதியான இடமாகப் பார்த்து ஒதுக்கினார். எங்கே வைத்தாலும் அது ஏதாவது ஒன்றை மறித்தது. தான் கட்டிய அறையைப் பார்த்தாலே அவருக்கு வெறுப்பாக இருந்தது. அழகு என்று எதைப் பார்த்து மயங்கினோம் என்றே தெரியவில்லை. கடைசியில், இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஞாயிறு வந்ததும் நிஜமாகவே கைப்பேசியைக் கையில் எடுத்தார். அதற்குள் அக்காவின் குரல் வந்து நின்றது.

"முடிச்சிட்டேன் தம்பி! அய்யோ அம்மா, முதுகு... முடிச்சிட்டேன்! அந்த நடுப்பெட்டி தேவையே இல்லாத பெட்டி, இல்ல? மொதல்ல நாலு பெட்டியையும் பொத்தானை விட்டுத் தூரத் தள்ளிட்டு, அதைக் கொண்டுபோய் மூலையில புதைச்சிடணும். மூலையில போனா தொலைஞ்சதுன்னுதானே எல்லாரும் பயப்படுவோம்? அது தொலையணும்னுதானே வெச்சிருக்கீங்க! என்ன மூளை தம்பி உங்களுக்கு! நீங்களும் இப்படித்தானே முடிச்சீங்க? இன்னைக்கு அந்தப் பொண்ணை வரச் சொல்லிட்டேன், நடக்கப் போறேன்."

அவர் நாலாவது அறையைத் திறந்து அக்கா சொன்னபடி செய்தார். மூலையில் தள்ளும்போது விரல் தயங்கியது. பிறகு நாலு பெட்டியும் பொத்தானில் உட்கார்ந்தன. கதவு திறந்தது. தான் வைத்த கதவு திறந்து அவர் பார்த்ததே இல்லை. ஒரு நொடி சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் வந்தது. உடனே அது அவருடைய சந்தோஷம் இல்லை என்பதும் தெரிந்தது. பலகையில் அவர் பெயர் முதலில் இருந்தது, அக்காவின் பெயர் அதற்குக் கீழே இருந்தது. அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் முடிக்கல."

"எதை?"

"நாலாவது அறையை. மொதல் அறையில பொந்து வெச்சு, அது வழியா வெளிய போனேன்."

அந்தப் பக்கம் ஒரு பெண் "மெதுவா, காலை ஊனுங்க" என்று சொல்வது கேட்டது. அக்கா நின்றுகொண்டிருக்கிறார் போல.

"அப்போ அன்னைக்கு முடியும்னு எழுதினீங்களே?"

"முடியுமான்னு தெரியாமத்தான் எழுதினேன்."

"வழி இல்லாம இருந்திருந்தா?"

அவர் கைப்பேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் பாட்டுக்குப் படுக்கையில கெடந்து தள்ளிட்டே இருந்திருப்பேன். நீங்க பார்த்துட்டு உக்காந்திருந்திருப்பீங்க" என்றார் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. "ச்சீ."

இணைப்பு போய்விட்டது. குழுவில் உண்மையைச் சொல்லப் போகிறேன், சொன்னால் விதிப்படி லெவல் போய்விடும், உங்கள் பெயரும் சேர்ந்து போய்விடும், என்ன செய்யட்டும் என்று அவருக்கு எழுதினார். "போகட்டும்" என்று எழுத்தில் ஒரே சொல் வந்தது. அடுத்தாற்போல் குழுவில் ஒரு சாம்பல் வரி தெரிந்தது. நர்ஸ் அக்கா வெளியேறிவிட்டார்.

த்தூ அண்ணன் எப்போதும் எழுதுவது போலவே எழுதினார். முதல் அறை, இடப்பக்கச் சுவர், கீழிருந்து எத்தனையாவது கட்டம். படமும் போட்டார். வைத்தது நான், முடியும் என்று பொய் சொன்னதும் நான், நேர்மையாக முடித்தது நர்ஸ் அக்கா ஒருத்தர்தான் என்று எழுதினார். லெவல் நீக்கப்பட்டது. கழுவி ஊற்றப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கழுவி ஊற்றவேண்டும் என்றுதான் அவரும் விரும்பினார்.

முதலில் வந்தது மிட்டாய். "இதுக்குப் போயா சார் இவ்ளோ ஃபீல் பண்றீங்க? நாங்கல்லாம் வைக்காத பொந்தா? இனிமே நீங்க நம்ம ஆளு" என்று எழுதி, வரிசையாக இதயம் வைத்திருந்தான். அதற்குக் கீழே ஆள் ஆளாக வந்து இதயம் வைத்தார்கள். "மனுஷன்னா அப்படித்தான் அண்ணா." "ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிசு." "அடுத்த லெவல் எப்ப தலைவா?" அவர் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே கீழே கீழே போனார். ஒரு வசவு, ஒரே ஒரு "த்தூ" எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிசுபிசுவென்று அன்பு மட்டும்தான் வந்துகொண்டே இருந்தது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன, ரொம்பத் திட்டறாங்களா?"

"ஒருத்தரும் திட்டல."

"அப்புறம் என்னங்க?"

"திட்டத் தெரிஞ்சவங்க போயிட்டாங்க" என்றார்.